கீறலை ஆற்றும் கைகள்

ஒரு நாட்டின் தொழில் வரலாற்றை எழுதப் புகுவோர் ஆலைகளையும் துறைமுகங்களையும் இருப்புப்பாதைகளையும் பற்றியே பெரும்பாலும் எழுதுவர். பொருளைப் புதிதாகப் படைக்கும் தொழிலுக்கு ஏட்டில் இடம் உண்டு. பழுதுபட்ட பொருளைச் செம்மைப்படுத்தும் தொழிலுக்கு இடம் மிகக் குறைவு. ஆயினும் மக்கள் வாழ்வோடு நாள்தோறும் உறவாடுவது பின்னதே ஆகும்.

ஜொகூர் மாநிலத்தில் தம்போய், ஸ்கூடாய், கூலாய், குளுவாங், சிகாமட் என எந்த ஊருக்குள் நுழைந்தாலும் ஒரு காட்சி கண்ணில் படும். தகரக் கூரையின்கீழ்க் கார் ஒன்று செய்தித்தாள்களைப் போர்த்துக்கொண்டு நிற்கும். அதனருகே ஒருவர் குந்தியமர்ந்து, நீர் சொட்டும் உப்புத்தாளால் கதவைத் தேய்த்துக் கொண்டிருப்பார். மலாய்மொழியில் இத்தொழிலைக் ‘கெத்தோக் டான் சாட்’ என்பர். தட்டி நிமிர்த்துதலும் சாயம் பூசுதலும் என்பது அதன் பொருள். சாலையில் தெறித்த கூழாங்கல் ஏற்படுத்திய வடு பச்சைப்பயறளவுதான் இருக்கும். ஆனால், அந்தச் சிறு வடுவை ஆற்றும் முறை இந்த நூறாண்டுகளுக்குள் மும்முறை அடியோடு மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் வண்டிக்கு அழகையும் ஆயுளையும் கூட்டியது. அதே மாற்றம் சாயம் பூசுகின்ற மனிதனுக்கு என்ன தந்தது? இவ்வினாவை முன்வைத்தே இத்தொழிலின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

குங்கிலியக் காலம்

மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் அதற்கெனத் தனிச்சாயம் ஏதும் இல்லை. குதிரை வண்டிக்குப் பூசிய மெருகெண்ணெயையே அதற்கும் பூசினர். ஆளிவிதை எண்ணெயில் மரப்பிசினைக் காய்ச்சிக் கரைத்துச் செய்வதே இந்த வார்னிஷ் என்னும் மெருகெண்ணெய். அதற்குப் பயன்பட்ட பிசின்களுள் மலாயாக் காடுகளின் டாமாரும் ஒன்று. மலாய்மொழியில் ‘டாமார்’ என்றால் மரப்பிசின். தமிழர் பூசையறையில் புகையும் குங்கிலியத்தின் இனத்தைச் சேர்ந்தது அது. காட்டில் வாழ்ந்தோர் திரட்டிய பிசின் சிங்கப்பூர்த் துறைமுகத்தின் வழியே மேலைநாடுகளுக்குச் சென்றது. பின்னாளில் இரப்பர்ப் பாலும் அவ்வாறே சென்றது. தோட்டத்துத் தமிழன் சீவிய பால் வண்டியின் சக்கரமாகியது. வண்டியைப் பார்த்தறியாத மக்களின் உழைப்பு வண்டிக்குள் புகுந்திருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அக்காலத்துச் சாயவேலை தூரிகையால் நடந்தது. ஒரு பூச்சு உலர்ந்த பின்னரே மறு பூச்சு. இடையிடையே பொடிக்கல்லால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். ஒரு வண்டி முழுமையாக மெருகேற மூன்று நான்கு வாரங்கள் ஆகும். ஃபோர்டு நிறுவனம் தன் ‘மாடல் டி’ வண்டியை 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றதற்கும் இதுவே பின்னணி. கறுப்பு மெருகு மலிவானது, நெடுநாள் உழைப்பது, சூளையில் வைத்து விரைவில் உலர்த்தத்தக்கது.

கீறல் விழுந்தால் அக்காலத்தில் என்ன செய்தனர்? உலர்ந்து இறுகிய எண்ணெய் மெருகு புதிய மெருகோடு கரைந்து கலப்பதில்லை. ஆகையால், விழுந்த இடத்தில் மட்டும் பூசினால் துணியில் ஒட்டுப்போட்டது போல் விளிம்பு தெரியும். விளிம்பு தெரியாதிருக்க வேண்டுமானால் ஒரு பக்கம் முழுவதையும் பூச வேண்டும். வண்டி வைத்திருந்தோர் மிகச் சிலர். அவர்களுள்ளும் கீறலைத் திருத்த வாரக்கணக்கில் வண்டியைப் பிரிந்திருக்க இயன்றோர் இன்னும் சிலர். எனவே, பழுதுபார்த்தல் அன்று தனித்தொழிலாக வளரவில்லை.

பஞ்சிலிருந்து பிறந்த பளபளப்பு

முதல் உலகப்போர் இந்நிலையை மாற்றியது. பஞ்சை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்துச் செய்யும் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருள் போர்க்காலத்தில் வெடிமருந்துக்காக மிகுதியாக உற்பத்தி செய்யப்பட்டது. போர் ஓய்ந்தபின் அதற்கு வேறு பயன் தேடவேண்டியதாயிற்று. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி அதனைச் சாயமாக்கின. 1923-ஆம் ஆண்டில் ‘டூக்கோ’ என்னும் பெயரோடு வெளிவந்த அச்சாயம், 1924-ஆம் ஆண்டுக்கான ஓக்லண்டு வண்டிகளில் நீல நிறமாக முதலில் மிளிர்ந்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை நாள்கணக்கிற்குச் சுருங்கியது. பட்டறைகளில் இதனைச் ‘செல்லுலோஸ்’ என்றே சுருக்கமாக வழங்கினர்.

தூரிகை அடுத்த வீச்சுக்கு வருவதற்குள் உலர்ந்துவிடும் இச்சாயத்தைக் காற்றழுத்தத்தால் தெளிக்க வேண்டியிருந்தது. தெளிகருவியின் பிறப்பு விந்தையானது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டொலிடோ நகரில் வாழ்ந்த ஆலன் டிவில்பிஸ் என்னும் மருத்துவர், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைத் தூவுவதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு சிறு கருவியைச் செய்தார். அவர்தம் மகன் தாமஸ் 1907-ஆம் ஆண்டில் அதே தத்துவத்தைக் கொண்டு சாயம் தெளிக்கும் கருவியை உருவாக்கினார். தொண்டை நோய்க்கு மருந்து தூவப் பிறந்த கருவியின் வழித்தோன்றலே, பிற்காலத்தில் தொழிலாளியின் மூச்சுக்குழலுக்கு நஞ்சைக் கொண்டு சேர்த்தது. வரலாற்றில் இத்தகைய முரண்கள் அரியன அல்ல.

பட்டறையின் வேறு இரு துணைப்பொருள்களும் இக்காலத்தவையே. அதுவரை சாயத்தை உலர்ந்த தாளால் தேய்த்தனர். அக்காலச் சாயங்களில் ஈயம் கலந்திருந்தமையால், எழுந்த தூள் தொழிலாளியின் குருதியில் கலந்தது. 1921-ஆம் ஆண்டில் மூன்று எம் நிறுவனம் நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தூள் நீரோடு போயிற்று. அதே நிறுவனத்தின் ரிச்சர்டு டுரூ என்பவர், இருநிற வண்டிகளுக்குச் சாயம் பூசுவோர் படும் பாட்டை ஒரு பட்டறையில் நேரில் கண்டார். ஒரு நிறத்தை மறைக்க ஒட்டிய ஒட்டுத்தாளைப் பிய்க்கும்போது, புதிதாகப் பூசிய சாயமும் உடன் பெயர்ந்து வந்தது. எளிதில் உரிந்து வரும் ஒட்டுத்தாளை அவர் அதற்காகவே 1925-ஆம் ஆண்டில் உருவாக்கினார். தொழிலாளியின் துன்பத்தை உற்று நோக்கியதால் பிறந்த கண்டுபிடிப்புகள் இவை. அவ்வாறு உற்றுநோக்கும் கண் பின்னர் எங்கே மங்கியது என்பதே இவ்வரலாற்றின் உட்பொருள்.

செம்மண் சாலையும் ஈரக்காற்றும்

ஜொகூரில் மோட்டார் வண்டி வேரூன்றிய காலமும் செல்லுலோஸ் சாயம் பரவிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. 1895 முதல் 1959 வரை ஆட்சி புரிந்த சுல்தான் இப்ராகிம் மோட்டார் வண்டிகளில் பேரார்வம் கொண்டவர். 1924-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் ஜொகூர் நீரிணையின் குறுக்கே கட்டப்பட்ட கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. வண்டிகள் தரைவழியே சிங்கப்பூருக்குச் செல்லலாயின. 1926-ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் மலாயாவுக்கான தன் கிளையைச் சிங்கப்பூரில் நிறுவியது. 1941 அக்டோபரில் புக்கித் தீமாவில் அது திறந்த ஆலையில்தான் நான்கு மாதங்கள் கழித்து, 1942 பிப்ரவரி 15-ஆம் நாள், பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது.

நகரச் சாலைகள் தார் கண்டபோதும் தோட்டத்துச் சாலைகள் செம்மண்ணாகவும் சரளைக்கல்லாகவுமே நெடுங்காலம் இருந்தன. ரெங்கம், லாயாங்-லாயாங், லாபிஸ் முதலிய இடங்களின் தோட்டங்களில் துரையின் காரை ஓட்டியவரும் கழுவித் துடைத்தவரும் பல இடங்களில் தமிழரே. முன்சக்கரம் வாரியிறைக்கும் கல் கதவின் அடிப்பகுதியையும், முன்வண்டியின் பின்சக்கரம் எறியும் கல் முகப்பையும் பதம் பார்க்கும். சாயம் பெயர்ந்த இடத்தில் இரும்பு வெளிப்படும். வெப்பமும் ஈரமும் நிறைந்த நாட்டில், அதிலும் உப்புக்காற்று வீசும் மெர்சிங், பொந்தியான் போன்ற கடற்கரை ஊர்களில், வெளிப்பட்ட இரும்பு இரண்டொரு நாளில் செம்பழுப்பாகும். துரு தோன்றிய இடத்தோடு நில்லாது, சாயத்தின் அடியில் நுழைந்து படரும். மேலே கடுகளவு புள்ளி தெரியும்போது உள்ளே காசளவு இரும்பு அரிபட்டிருக்கும். கீறலைத் திருத்துவது வெறும் அழகுவேலை அன்று என்பதை இந்நாட்டுத் தட்பவெப்பமே கற்பித்தது.

செல்லுலோஸ் சாயம் இதற்கு ஏற்ற மருந்தாயிற்று. அது உலர்வது தின்னர் என்னும் கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டுமே. மீண்டும் தின்னர் பட்டால் பழைய பூச்சு கரைந்துகொடுக்கும். எனவே, வடு விழுந்த இடத்தில் மட்டும் தெளித்தாலும் புதியது பழையதன் மேற்பரப்பைக் கரைத்து அதனோடு ஒன்றும். பின்னர்த் தேய்த்து மெருகிட்டால் விளிம்பு மறையும். எண்ணெய் மெருகு மறுத்த வாய்ப்பைச் செல்லுலோஸ் வழங்கியது. சிறு காற்றழுத்தப் பொறியும் தெளிகருவியும் உள்ளவர் மரநிழலிலேயே தொழில் நடத்தலாம் என்ற நிலை பிறந்தது. சாலையோரச் சாயப்பட்டறையின் தோற்றுவாய் இதுவே.

இச்சாயத்திற்கு இந்நாட்டில் ஓர் எதிரி இருந்தது, அதுதான் ஈரக்காற்று. தின்னர் விரைந்து ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிரும்; காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, கறுப்புச் சாயமும் சாம்பல் பூத்தாற்போல் வெளிறும். பட்டறிவுடைய கைவினைஞர் மழை இருண்டு வரும்போது தெளிகருவியைக் கீழே வைத்துவிடுவர். அல்லது மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலந்துகொள்வர். எந்த வேளையில் எந்தத் தின்னர் என்பதை எந்த ஏடும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. வானத்தைப் பார்த்தும் வாளியை முகர்ந்தும் அவர்கள் அதனை அறிந்தனர். முகர்ந்து அறிவதே அத்தொழிலின் கேடு என்பதை அறிந்தார் அன்று அரியர்.

தம்போய் ஆலையும் பட்டறைத் தெருவும்

விடுதலைக்குப் பின் மலேசிய அரசு வண்டிகளை உள்நாட்டிலேயே பொருத்துவதை ஊக்குவித்தது. 1967-ஆம் ஆண்டில் ஆறு பொருத்தாலைகளுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. ஏனையவை சிலாங்கூரில் அமைய, ஒன்று ஜொகூர்பாருவை அடுத்த தம்போயில் அமைந்தது. கேப்பிட்டல் மோட்டார் என்னும் பெயரோடு தொடங்கிய அவ்வாலையை 1971-ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது. 1980-ஆம் ஆண்டில் அது ஓரியண்டல் நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஆலைச் சாயவேலையின் நுட்பத்தை ஜொகூர்த் தொழிலாளர் தம் ஊரிலேயே கண்டறிய அவ்வாலை வழிவகுத்தது.

ஆலைச் சாயமும் பட்டறைச் சாயமும் வேறுவேறாகப் பிரிந்த காலமும் அதுவே. 1960-களில் ஃபோர்டு நிறுவனம் அறிமுகப்படுத்திய மின்முழுக்கு முறையில், வண்டியின் கூட்டை அடிச்சாயத் தொட்டிக்குள் முழுக்கி மின்னோட்டத்தைச் செலுத்துவர். கை எட்டாத இடுக்கிலும் சாயம் படியும். மேற்சாயத்தை நூறு பாகைக்கும் மேற்பட்ட வெப்பமுள்ள சூளையில் சுட்டு இறுக்குவர். கண்ணாடியும் இரப்பரும் மின்கம்பியும் பொருத்தப்படாத வெறுங்கூடு ஆதலால் ஆலைக்கு இது இயலும். ஓடிக்கொண்டிருக்கும் காரை அவ்வெப்பத்தில் வைத்தால் அதன் பாதிப் பொருள்கள் உருகிவிடும். சுட்டு இறுகிய ஆலைச் சாயத்தின் மீது பட்டறைக்காரர் சுடாத சாயத்தைப் பூசியாக வேண்டும்; இரண்டுக்கும் வேறுபாடு தெரியவும் கூடாது. இதுவே அன்று தொட்டு இத்தொழிலின் பெரும் அறைகூவலாயிற்று.

அதே காலத்தில் தோட்டங்களின் நிலை மாறியது. பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன, இரப்பருக்குப் பதில் செம்பனை நடப்பட்டது, குறைந்த ஆட்களே போதும் என்றாயிற்று. தோட்டத்தை விட்டு வெளியேறிய இளைஞருட் பலர் ஜொகூர்பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்றனர். பள்ளிச் சான்றிதழ் கேளாது வேலை கொடுத்த இடங்களுள் மோட்டார்ப் பட்டறையும் ஒன்று. பட்டறை உரிமையாளர் பெரும்பாலும் சீனர். பணியாளருள் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் இருந்தனர். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முதற்பணி வண்டி கழுவுதல். பின்னர் உப்புத்தாள் பிடித்தல். அதன்பின் பட்டி பூசுதல். தெளிகருவியைத் தொடும் உரிமை ஆண்டுகள் சில கழிந்த பின்னரே கிட்டும். இது நம் முன்னோர் அறிந்த குருகுல முறையேயாயினும், முடிவில் கையில் ஓர் ஏடும் தராத குருகுலம்.

பட்டறைகள் பெருகியதற்குப் பணமும் ஒரு காரணம். 1973-ஆம் ஆண்டு மே மாதம் வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கொன்று சரிநிகராக மாற்றத்தக்கனவாய் இருந்தன. அவ்வேற்பாடு முடிவுற்றபின் காலப்போக்கில் சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு உயர்ந்தது. அங்கே கீறலைத் திருத்த ஆகும் செலவில் இங்கே கதவு முழுவதையும் பூசிக்கொள்ளலாம் என்று கணக்கிட்டோர் கடற்பாலத்தைக் கடந்து வரலாயினர். 1985-ஆம் ஆண்டு ஜூலையில் புரோட்டோன் சாகா வெளிவந்து, நடுத்தரக் குடும்பங்களின் வாயிலிலும் கார் நின்றது. 1994-ஆம் ஆண்டில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. செம்மண் சாலையின் கல் போயிற்று. ஆனால் மணிக்கு நூற்றுப்பத்துக் கிலோமீட்டர் விரைவில் எதிர்ப்படும் மணற்பரலும் கல்லாகவே தாக்கியது. சாலை செம்மையுற்றபோதும் வடு குறையவில்லை.

காப்புறுதி முறையும் சிறு பட்டறைகளுக்கு வேலை தந்தது. ஐந்தாண்டுகள் இழப்பீடு கோராத தனியார் கார் உரிமையாளருக்கு மலேசியாவில் கட்டணத்தில் 55 விழுக்காடு கழிவு உண்டு. ஒரு கீறலுக்காக அக்கழிவை இழக்க எவரும் விரும்பார். ஆகவே, பெருவிபத்து காப்புறுதி நிறுவனம் ஏற்ற பெரிய பட்டறைக்கும், சிறு கீறல் தகரக் கொட்டகைக்கும் எனத் தொழில் இரு கூறாகியது.

கீறலின் ஆழம்

இன்றைய காரின் சாயம் பல அடுக்குகளைக் கொண்டது. இரும்பின்மேல் மின்முழுக்கு அடிச்சாயம், அதன்மேல் கல் தெறிப்பைத் தாங்கும் இடைப்பூச்சு, அதன்மேல் நிறம், எல்லாவற்றிற்கும் மேலே நிறமற்ற மெருகுப்பூச்சு. அனைத்தும் சேர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கைச் சற்றே மிஞ்சும் தடிமன்தான்.

அனுபவமுள்ளவர் கீறலை முதலில் விரல்நகத்தால் நீவிப் பார்ப்பார். நகம் தடைபடாது சென்றால் காயம் மேல்மெருகோடு நின்றது. மென்மையான உப்புத்தாளும் மெருகுக்குழம்பும் போதும். நகம் சிக்கினால் நிறத்தையும் கடந்திருக்கும். சாம்பல் நிறம் தெரிந்தால் அடிச்சாயம் எஞ்சியுள்ளது. செம்பழுப்புத் தெரிந்தால் துரு தொடங்கிவிட்டது. மருத்துவர் நாடி பார்ப்பதற்கு இது ஒப்பாகும்.

துரு தொடங்கிய இடத்தில் முதல் வேலை, காயத்தைச் சிறிதாக்குவதன்று, பெரிதாக்குவது. வெண்மையான இரும்பு தெரியும்வரை சுரண்டி, சுற்றியுள்ள சாயத்தின் விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். அதற்கு முன்பே மெழுகையும் எண்ணெய்ப் பசையையும் துடைத்தெடுக்க வேண்டும். எஞ்சிய துளிப் பசையும் புதுச்சாயத்தில் மீன்கண் போன்ற குழிகளை உண்டாக்கும். பின்னர் இரும்பைப் பற்றும் அடிச்சாயம், தேவையானால் மெல்லிய பட்டி, மீண்டும் அடிச்சாயம், நீர்த்தேய்ப்பு, நிறம், மெருகு என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். 800-ஆம் எண் தாளில் தொடங்கி 2000-ஆம் எண் தாளில் முடியும் அந்தத் தேய்ப்பில் பொறுமையே முதலீடு.

நிறம் கலப்பது அதனினும் நுட்பமானது. வண்டியில் பொறித்த நிறக்குறியீடு வழி காட்டும். ஆனால், பத்தாண்டு வெயிலில் நின்ற கார் தன் குறியீட்டின் நிறத்தில் இராது. அலுமினியப் பொடி கலந்த வெள்ளி நிறமோ, தெளிப்பவரின் கைக்கு ஏற்ப மாறும்: ஈரமாகத் தெளித்தால் இருளும், உலர்வாகத் தெளித்தால் வெளுக்கும். எனவே, வடுவை மட்டும் பூசாது அக்கம் பக்கத்தில் நிறத்தைத் தேயவிட்டு, கண் ஏமாறும்படி செய்வர். விளக்கொளியில் ஒத்துப்போன நிறம் கதிரொளியில் வேறாகத் தோன்றலாம் என்பதால், வெளியே கொண்டு சென்று பார்த்தே ஒப்புக்கொள்வர்.

இந்த இடத்தில்தான் நேர்மைக்குச் சோதனை. துருவைச் சுரண்டாது அதன்மேல் பட்டியை அப்பிச் சாயம் பூசினாலும் அன்று மாலை கார் பளபளக்கும். காசு கொடுப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஓராண்டில் சாயம் கொப்புளித்து எழும்போதுதான் உண்மை வெளிப்படும். பழைய கார் வாங்குவோர் காந்தத்தை வைத்துப் பார்ப்பது இதனால்தான். தடித்த பட்டியின்மேல் காந்தம் ஒட்டாது. கீறலை மறைப்பது வேறு, ஆற்றுவது வேறு. மின்னுவதெல்லாம் பொன்னன்று என்பதை இத்தொழில் போல் உணர்த்துவது பிறிதில்லை.

மூச்சுக்கு வந்த கேடு

சூளையின்றிச் சாயத்தை இறுக்குவது எவ்வாறு என்னும் வினாவுக்கு வேதியியல் ஒரு விடை தந்தது. ஜெர்மானியரான ஓட்டோ பாயர் 1937-ஆம் ஆண்டில் கண்டறிந்த பாலியூரித்தேன் என்னும் பொருளே அவ்விடையின் வித்து. சாயத்தோடு இறுக்கி ஒன்றைக் கலந்தால், இரண்டும் தமக்குள் வினைபுரிந்து சுடாமலேயே கண்ணாடிபோல் இறுகும். தின்னர் பட்டாலும் கரையாது. வெயிலுக்கும் எண்ணெய்க்கும் அசையாத இந்த இருகூட்டுச் சாயம் செல்லுலோஸை மெல்ல மெல்லப் பட்டறைகளிலிருந்து வெளியேற்றியது. ஆலை மெருகுக்கு நிகரான மெருகு தகரக் கொட்டகையிலும் கைகூடியது.

அந்த இறுக்கியின் பெயர் ஐசோசயனேட். அது தெளிபடும்போது மென்துளியாகக் காற்றில் மிதக்கும். மூச்சில் நாள்தோறும் புகுந்தால் சிலருக்கு ஆஸ்துமா உண்டாகும். ஒருமுறை உடல் அதற்குக் கூசத் தொடங்கிவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவே மூச்சுத் திணறலை எழுப்பப் போதும். அம்மனிதர் அத்தொழிலையே விட நேரிடும். தின்னரின் வாடை எச்சரிக்கும். ஐசோசயனேட்டின் வாடையோ தீங்கான அளவைக் கடந்த பின்னரே, அதுவும் அரிதாகவே, மூக்கிற்கு எட்டும். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வதும் தாள் மூடி அணிவதும் இதற்குத் தடையாகா. தூய காற்றைக் குழாய்வழி தரும் முகக்கவசமும், காற்றை ஈர்த்து வடிகட்டும் சாய அறையுமே உற்ற காப்பு. முகர்ந்து அறிந்த பழந்தலைமுறையின் பட்டறிவு இங்கே கைகொடுக்கவில்லை. மூக்கு அறியாத பகைவன் வந்துவிட்டான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்டு 24-ஆம் நாள் முதல், குறிப்பிட்ட அளவுக்குமேல் இப்பொருள் கலந்த சாயத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்துவோர் பயிற்சி பெற்றிருத்தல் கட்டாயமாயிற்று. மலேசியாவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1994-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டமும், கேடு தரும் வேதிப்பொருள்களைப் பற்றிய 2000-ஆம் ஆண்டின் விதிகளும் முதலாளிமீது கடமையைச் சுமத்துகின்றன. அச்சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்து அதன் வரம்பை விரிவாக்கியது. ஆயின், சட்டம் ஏட்டில் இருப்பது வேறு. தகரக் கொட்டகையில் இருப்பது வேறு. மூவர் வேலை செய்யும் பட்டறையில் சாய அறை கட்ட இடமும் இராது, பொருளும் இராது. பையனுக்கு முதலில் கற்பிக்கப்படுவது உப்புத்தாள் பிடிக்கும் முறையே அன்றி, மூச்சுக் காக்கும் முறை அன்று.

கைக்கு ஒரு சான்று

இத்தொழிலாளருக்கு மற்றொரு குறையும் உண்டு. இருபதாண்டுகள் சாயம் பூசி, கண்ணால் பார்த்தே நிறம் கலக்கும் ஆற்றல் பெற்றவரிடம் அதனைக் காட்டும் தாள் ஒன்றும் இராது. பட்டறை மூடினால் அடுத்த பட்டறையில் அவர் மீண்டும் பையனாகவே தொடங்க நேரும். இக்குறைக்கு வழி பிறந்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ்ச் செயல்படும் திறன் மேம்பாட்டுத் துறை, மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. வகுப்பில் அமர்ந்து பயிலாதவரும், தாம் செய்த வேலைக்குரிய சான்றுகளைத் திரட்டிக் காட்டி, தேர்வாளர்முன் திறனை மெய்ப்பித்தால், முன்னனுபவ ஏற்பு என்னும் முறையில் அச்சான்றிதழைப் பெறலாம். கற்ற இடம் பள்ளியா பட்டறையா என்பதன்று, கை அறிந்தது யாது என்பதே அங்கு வினா. இவ்வழி இருப்பதை அறியாதாரே நம்மவருள் மிகுதி.

நம் சமுதாயத்தில் படிப்பில் பின்தங்கிய பையனைப் ‘பட்டறைக்குப் போகட்டும்’ என்று கைகழுவி விடும் வழக்கம் இன்னும் மாறவில்லை. அவ்வாறு சொல்வோர் பட்டறையில் கற்கவேண்டியது எவ்வளவு என்பதை அறியார். பஞ்சு சாயமான வேதியியல், ஈரக்காற்றின் இயற்பியல், ஒளியும் நிறமும் பற்றிய அறிவு, துருவின் போக்கு ஆகிய அனைத்தும் அங்கே உள. இவற்றை முறைப்படி அறிந்து செல்லும் பையன் தொழிலாளியாவான். தன் நுரையீரலையும் காத்துக்கொள்வான். அறியாது செல்லும் பையன் வெறுங்கையாளாய் உழைத்து, நாற்பது வயதில் மூச்சுக்குப் போராட நேரலாம். இருவரையும் பிரிப்பது ஊழன்று. உரிய காலத்தில் கிடைத்த ஒரு சொல்.

குங்கிலிய மெருகிலிருந்து இருகூட்டு மெருகு வரை நூறாண்டுகளாக மனிதன் இரும்பின்மேல் விழுந்த சிறு கீறலுக்கு மருந்து தேடிக் களைக்கவில்லை. வண்டிக்கு நான்கு அடுக்குக் காப்பைக் கண்டுபிடித்த அறிவுக்கு, வண்டியை ஆற்றுபவனின் மூச்சுக்கு ஓரடுக்குக் காப்புத் தருவது அரிய செயலன்று. அடுத்தமுறை தகரக் கொட்டகையில் காரை விட்டு, ‘எப்போது முடியும், எவ்வளவு ஆகும்’ என்று கேட்போர், ‘முகக்கவசம் இருக்கிறதா தம்பி’ என்று ஒரு வினாவையும் சேர்த்துக் கேட்பாராயின், அதுவே இவ்வரலாற்றின் அடுத்த ஏட்டுக்குத் தொடக்கமாகும்.